காவலில்லாத களஞ்சியம், பட்டா இல்லாத காடு

ஜாவாத் தீவின் மேற்குக் கோடியில், பான்டென் மாகாணத்து லெபாக் மாவட்டத்தின் மலைச் சரிவுகளில், கானெக்கேஸ் என்னும் ஊரில் வாழும் பதுயி மக்கள் தங்கள் நெற்களஞ்சியத்தைக் கட்டும் விதத்தைக் கூர்ந்து நோக்கினால், அந்தச் சமூகம் எதற்கு அஞ்சுகிறது, எதற்கு அஞ்சவில்லை என்பது ஒருவாறு புலப்படும். மூங்கில் தட்டிகளால் சுவர் அமைத்து, ஓலை வேய்ந்து, நான்கு கால்களின்மேல் தூக்கி நிறுத்திய சிறிய அறை அது. ஒவ்வொரு காலின் உச்சியிலும், அறையின் அடித்தளத்துக்குச் சற்றுக் கீழே, வட்டமான மரத்தட்டு ஒன்று குடைபோலச் செருகப்பட்டிருக்கிறது. காலைப் பற்றிக்கொண்டு ஏறிவரும் எலி அந்தத் தட்டின் அடிப்புறத்தை எட்டியதும், மேலே செல்ல வழியின்றி வந்த வழியே இறங்க வேண்டியதுதான். வீடுகள் நெருக்கமாக நிற்கும் குடியிருப்பில் களஞ்சியங்களை வைப்பதில்லை. என்றாவது ஒரு வீட்டில் தீப்பற்றி ஊர் முழுவதும் எரிந்துபோனாலும் ஆண்டுக்கணக்கான ஆகாரம் மிஞ்ச வேண்டும் என்பதற்காக, அவற்றை விலக்கி, ஊருக்கு வெளியே வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். எலிக்குத் தடை உண்டு, நெருப்புக்குத் தடை உண்டு. மனிதனுக்குத்தான் ஒரு தடையும் இல்லை. குடும்பத்தின் ஐசுவரியம் முழுவதும் காவலாள் ஒருவனும் இன்றி மரநிழலில் கிடக்கிறது.

இதைக் கேட்டவுடன் நகரவாசிகள் இரண்டில் ஒரு முடிவுக்குத் தாவிவிடுவது வழக்கம். களவு என்பதையே அறியாத உத்தமர்கள் வாழும் பூலோக சுவர்க்கம் இது என்று மெய்சிலிர்த்துப் போகிறவர்கள் ஒரு சாரார். போலீஸ் ஸ்டேஷனும் ஆஸ்பத்திரியும் எட்டாத அந்தக் காட்டில் உயிருக்கும் உடைமைக்கும் என்ன உத்தரவாதம் என்று முகம் சுளிக்கிறவர்கள் மற்றொரு சாரார். யோசிக்கும் சிரமத்தை மிச்சப்படுத்திக்கொள்ளும் முடிவுகள் இவை இரண்டும். களஞ்சியத்து நெல் களவுபோகாமல் இருப்பதற்கு அம்மக்களின் குணவிசேஷமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதைவிட அழுத்தமான காரணம், திருடிய நெல்லைத் திருடன் என்ன செய்வான் என்பதே. விளைந்த நெல்லை விற்பது அவர்களுடைய சம்பிரதாயத்தில் விலக்கப்பட்டிருக்கிறது. விலைபோகாத பொருளை, உரலில் இட்டுக் குத்தினால் உலக்கையோசை ஊர்முழுதும் கேட்கும் பொருளை, யாருடைய கதிர்க்கட்டு யாருடைய களஞ்சியத்தில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் ஒருவன் களவாடி என்ன பயன்? தர்மம் அங்கே தனியாக நிற்கவில்லை; ஒரு பொருளாதார ஏற்பாட்டின்மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது.

கானெக்கேஸுக்குத் தென்கிழக்கே ஹலிமூன் மலைத்தொடரில் பரவியிருக்கும் கசெப்புஹான் சமூகங்களிடத்தில், அதாவது முன்னோர் வகுத்த நெறியில் ஒழுகும் சுந்தா இனத்து உழவர்களிடத்தில், இந்த ஏற்பாடு இன்னும் விரிவாக இருக்கிறது. சுகபூமி மாவட்டத்துச் சிப்தகெலார் ஊர் இவற்றுள் பெயர்பெற்றது. பசுமைப் புரட்சிக்காலத்தில் ஆண்டுக்கு இரண்டு போகம், மூன்று போகம் என்று ஜாவா முழுவதும் புதிய ரகங்களைப் பயிரிட்ட நாட்களிலும், இவர்கள் கார்த்திகைக் கூட்டமும் வேடன் கூட்டமும் வானில் நிற்கும் நிலை பார்த்து, ஆண்டுக்கு ஒரே ஒரு போகம், தங்கள் பாட்டனார் காலத்து விதைகளையே விதைத்து வந்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கத்தியால் கதிர்களை ஒவ்வொன்றாக அறுத்து, கற்றையாகக் கட்டி, மூங்கில் பரண்களில் உலர்த்தி, அதன்பின் விழா எடுத்துக் களஞ்சியத்தில் ஏற்றுகிறார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் சொந்தக் களஞ்சியம் உண்டு. அதன் மேலாக ஊருக்குப் பொதுவான களஞ்சியம் ஒன்றும் உண்டு. விளைச்சல் தவறியவன் அதிலிருந்து கடன் பெறுகிறான். இவர்களைப் பழைமைவாதிகள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மலை ஓடையிலிருந்து சிறிய நீர்மின் நிலையம் அமைத்துக்கொண்டு, தங்களுக்கென்று ஒரு தொலைக்காட்சி நிலையமும் நடத்துகிற ஊர் சிப்தகெலார். எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமைதான் அவர்கள் விரும்புவது. அரிசியில் மறுத்ததை மின்சாரத்தில் ஏற்றார்கள்.

மலையை விட்டு இறங்கி ஜாவாவின் சமவெளிக் கிராமங்களுக்கு வந்தால் நிலைமை வேறு. அங்கே நெல் விலைபோகும். ஆடும் மாடும் மோட்டார் சைக்கிளும் விலைபோகும். ஆகவே திருடனும் உண்டு, காவலும் உண்டு. ஆனால் அந்தக் காவலைச் சம்பளக்காரர்களிடம் ஒப்படைக்காமல், ஊர் ஆண்கள் முறைவைத்துத் தாங்களே இரவில் சுற்றிவரும் வழக்கத்துக்கு ரொண்டா என்று பெயர். தெரு முனையில் சின்னஞ்சிறு காவல் குடில், அதில் தொங்கும் கெந்தோங்கான் என்னும் குடைந்த மரக்கட்டை, நாலைந்து பேர், சூடான காப்பி, சீட்டாட்டம். கட்டையைத் தட்டும் கதிக்கு ஏற்ப, திருட்டா, தீயா, வெள்ளமா, மரணமா என்பது படுக்கையில் இருப்பவனுக்கும் விளங்கிவிடும். இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஜிம்பிதான் என்னும் ஏற்பாடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சிறு குவளையையோ மூங்கில் துண்டையோ தொங்கவிட்டு, அதில் ஒரு பிடி அரிசி போட்டுவைக்கிறார்கள். இரவில் சுற்றிவரும் காவல்முறைக்காரர்கள் அதை வீடு வீடாகச் சேகரித்துக்கொண்டு போகிறார்கள். இப்போது பல ஊர்களில் அரிசிக்குப் பதில் நாணயம். நம் ஊர்ப் பெண்கள் சமைக்கும்போது எடுத்துவைக்கும் பிடியரிசியைப் போன்றதுதான் இதுவும். ஆனால் இதில் ஒரு நுட்பம் கூடுதலாக இருக்கிறது. காலையில் குவளை காலியாக இருந்தால், இரவில் காவல் தன் வாசலுக்கு வந்துபோனது என்று வீட்டுக்காரன் அறிந்துகொள்கிறான். குவளையில் அரிசி வைக்கப்படாமலே இருந்தால், அந்த வீட்டில் என்ன கஷ்டமோ, யாருக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று காவல் அறிந்துகொள்கிறது. சேர்ந்த அரிசி ஊர்ப் பொதுச் செலவுக்குப் போகிறது. ஒரு பிடி அரிசியைக் கொண்டு காவலையும் கணக்கையும் விசாரிப்பையும் ஒருசேர முடித்துவிடும் இந்தச் சாமர்த்தியத்தைக் கற்றறிந்த நிர்வாகிகள் பலர் சேர்ந்து யோசித்தாலும் கண்டுபிடித்திருப்பார்களா என்பது சந்தேகமே.

எல்லாம் கிராமத்து மக்களின் சுயசிருஷ்டி என்று எண்ணிவிடக் கூடாது. இந்தோனேசியா முழுவதும் இன்று அடிமட்ட அலகாக விளங்கும் ருக்குன் தெதாங்கா என்னும் அண்டைவீட்டார் சங்கத்தின் மூலம், 1944இல் ஜப்பானிய ராணுவ ஆட்சி ஜாவாவில் புகுத்திய அமைப்பு. உணவுப் பங்கீட்டுக்கும் உளவுக்கும் அது ஒருங்கே பயன்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் வந்த ஆட்சிகள், குறிப்பாக சுகார்த்தோவின் ஆட்சி, அதை விட்டுவிடாமல் இன்னும் இறுக்கிக்கொண்டன. வெளியூரிலிருந்து வந்து தங்கும் விருந்தாளி 24 மணி நேரத்துக்குள் சங்கத் தலைவரிடம் தெரிவிக்க வேண்டும் என்னும் அறிவிப்புப் பலகையை ஜாவாவின் சந்துகளில் இன்றும் காணலாம். அந்நியன் எவனும் தெரியாமல் நுழைய முடியாது என்பது ஊராருக்குப் பாதுகாப்பு. ஊராரில் எவனும் தெரியாமல் எதையும் செய்ய முடியாது என்பது அரசாங்கத்துக்கு வசதி. ஒரே பலகைக்கு இரண்டு எஜமானர்கள்.

இந்த இரண்டாவது முகத்தைப் பேசாமல் முதல் முகத்தை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. அண்டை வீட்டுக்காரனை நன்றாக அறிந்திருப்பது எந்த அளவுக்குப் பாதுகாப்போ, அந்த அளவுக்கு அபாயமும் ஆகக்கூடும் என்பதற்கு இந்தோனேசியச் சரித்திரமே சாட்சி. 1965-66இல் கம்யூனிஸ்டுகள் என்றும் அவர்களுடைய அனுதாபிகள் என்றும் சொல்லிக் குறைந்தது 5 லட்சம் பேர் கொல்லப்பட்டதாகச் சரித்திர ஆசிரியர்கள் பலர் மதிப்பிடும் அந்தக் கோரத்தில், ராணுவத்தின் தூண்டுதலும் வழிகாட்டுதலும் இருந்தபோதிலும், பல கிராமங்களில் ஆளை அடையாளம் காட்டியவனும் வீட்டுக் கதவைத் தட்டியவனும் ஊரறிந்தவனாகவே இருந்தான். 1998இல், சுகார்த்தோ வீழ்ந்த குழப்ப ஆண்டில், கிழக்கு ஜாவாவின் பான்யுவாங்கி மாவட்டத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் செய்வினைக்காரர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட 100க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள்; கொலைகள் தொடங்கியதும் ஊருக்கு ஊர் இரவுக்காவல் பெருகியது; காவல் பெருகியதும் வழிப்போக்கனாக வந்த அந்நியனுக்கும் ஆபத்து பெருகியது. இன்றைக்கும் கோழியோ மோட்டார் சைக்கிளோ திருடிப் பிடிபட்டவனை, போலீஸ் வருவதற்குள் ஊர்க்கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது என்ற செய்தி இந்தோனேசியப் பத்திரிகைகளுக்குப் புதியதல்ல. விசாரணை இல்லாத இடத்தில் கூடிநிற்கும் கூட்டமே போலீஸாகவும் நீதிபதியாகவும் கொலையாளியாகவும் ஆகிவிடுகிறது. தொலைதூரக் கிராமத்துக்குப் போலீஸ் வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம், வழக்கமே போதும் என்று வாதிக்கிறவர்கள் பான்யுவாங்கிக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

உயிரைப் பற்றிய விஷயத்திலோ வழக்கம் தந்த மகத்தான கொடை ஒன்று உண்டு. அதைச் சொல்ல ஜாவாவை விட்டுச் சுமத்ராவின் மேற்கே, ஆச்சே மாகாணத்தில் இருக்கும் சிமெலூ தீவுக்குப் போக வேண்டும். 1907இல் அந்தத் தீவைப் பெரிய கடல்கோள் ஒன்று தாக்கிப் பேரழிவு செய்தது. பிழைத்தவர்கள் நினைவுச்சின்னம் எழுப்பவில்லை, அறிக்கை எழுதவில்லை. தாலாட்டிலும் நந்தோங் என்னும் பாட்டு மரபிலும் இரவுக் கதைகளிலும் அதைப் புகுத்தி, ஸ்மோங் என்னும் பெயர் சூட்டி, பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் கடல் பின்வாங்கினால் எதையும் எடுக்காதே, யாரையும் தேடி நிற்காதே, மேட்டுக்கு ஓடு என்னும் ஒரே உபதேசத்தைப் பேரன் பேத்திகளின் காதில் ஏற்றினார்கள். 97 ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் பூமி குலுங்கியபோது, அதன் மையத்துக்கு வெகு அருகில் இருந்த அத்தீவில் அலை வந்து சேரச் சில நிமிஷங்களே இருந்தன; எச்சரிக்கைக் கருவி எதுவும் இருந்திருந்தாலும் அதற்குள் ஒலித்திருக்க முடியாது. ஸ்மோங் என்ற கூக்குரல் தெருவெங்கும் எழுந்தது; ஊர் ஊராகக் குன்றுகளின்மேல் ஏறினார்கள். ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். கடலுக்கு அப்பால், அதே ஆச்சே மாகாணத்துப் பெருநிலத்தில், படிப்பும் சாலையும் வாகனமும் மிகுந்த ஊர்களில் மாண்டும் காணாமலும் போனவர்கள் 1,60,000க்கும் மேல். அதே அலைதான் சில மணி நேரம் கழித்து நம் கரைக்கு வந்து, நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. நமக்கு நேரம் இருந்தது, கதை இல்லை.

ஆயினும் ஸ்மோங் போன்ற ஞாபகம் எல்லா அபாயங்களுக்கும் வாய்ப்பதில்லை. 2018 டிசம்பர் 31ஆம் தேதி மாலை, புத்தாண்டுக்குச் சில மணி நேரமே இருக்கையில், சிப்தகெலார் அமைந்திருக்கும் அதே சிர்னாரெஸ்மி பஞ்சாயத்தில், சிமாபாக் என்னும் குக்கிராமத்தின்மேல் மலைச்சரிவு பெயர்ந்து விழுந்து, 30க்கும் மேற்பட்டவர்களை வீடுகளோடு மூடிவிட்டது. நட்சத்திரம் பார்த்து விதைக்கத் தெரிந்த மலைநாட்டிலும், எந்தச் சரிவு எந்த மழையில் இறங்கும் என்று அளந்து சொல்ல மண்ணியல் அறிஞன் தேவைப்படுகிறான். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்கு மருத்துவச்சிக் கிழவியின் ஆறுதல் மொழி அவசியம். ஆனால் உதிரம் நிற்காமல் போகும்போது அவளுக்கு வேண்டியது சாலையும் வண்டியும் ரத்தமும் டாக்டரும். 1989இல் தொடங்கிய திட்டத்தின் மூலம் பயிற்சிபெற்ற பிரசவத் தாதியர் 50,000க்கும் மேற்பட்டவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பியது இந்தோனேசிய அரசாங்கம் செய்த நற்காரியங்களுள் ஒன்று. அப்படியிருந்தும் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 189 தாய்மார்கள் இறந்தார்கள். வெறுங்காலோடு காட்டு வழியில் நடக்கும் உட்பதுயி மக்களை, அதாவது பதுயியருள் விலக்குகளை மிகக் கடுமையாகக் கடைப்பிடிக்கும் பிரிவினரை, தீண்டும் பாம்புக்கு அவர்களுடைய விரதங்கள் தெரியாது. 2015 முதல் ஒவ்வொரு கிராமத்துக்கும் நேரடியாகச் செல்லும் கிராம நிதியால் பல இடங்களில் பாதையும் தொங்குபாலமும் வந்திருக்கின்றன. அவற்றை நாகரிகத்தின் படையெடுப்பு என்று வர்ணிக்கும் அன்பர்கள் ஒருமுறை நிறைமாதக் கர்ப்பிணியோடு அந்த மலையிலிருந்து இறங்கிப் பார்க்கலாம்.

இனி உடைமைக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவதும் இதுவே. இரவில் வரும் திருடனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த கிராமம், பகலில் காகிதத்தோடு வரும் திருடனிடம் எப்போதும் தோற்றே வந்திருக்கிறது. இதற்கும் சாட்சி லெபாக் மாவட்டமே. 1856ஆம் ஆண்டு தொடக்கத்தில் எதுவார்த் தௌவெஸ் தெக்கர் என்னும் டச்சு அதிகாரி அந்த மாவட்டத்துக்கு உதவி ரெசிடெண்டாக வந்து சேர்ந்தார். உழவர்களின் எருமைகளை உள்ளூர்ப் பிரபுவின் ஆட்கள் விலையின்றி ஓட்டிக்கொண்டு போவதையும் மக்களிடம் கூலியின்றி வேலை வாங்குவதையும் கண்டு, அந்தப் பிரபுவின்மேல் மேலிடத்துக்குக் குற்றப்பத்திரிகை எழுதினார். மேலிடம் பிரபுவின் பக்கம் சாய்ந்தது. சில மாதங்களுக்குள் தெக்கர் ராஜினாமாச் செய்துவிட்டுப் போனார். முல்தாதூலி என்னும் புனைபெயரில் அவர் எழுதி 1860இல் வெளியான மாக்ஸ் ஹாவெலார் என்னும் நாவல் டச்சுக் காலனி ஆட்சியின் மனச்சாட்சியை உலுக்கிய நூல் என்று போற்றப்படுகிறது. மாவட்டத் தலைநகரான ரங்காஸ்பித்தூங்கில் 2018இல் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். எருமையைப் பறிகொடுத்தவன் கெந்தோங்கான் கட்டையை யாருக்கு எதிராகத் தட்டுவான்? ஓட்டிக்கொண்டு போகிறவனே அதிகாரி.

எருமை போன காலம் முடிந்து காடு போகும் காலம் வந்தது. தன்னுடையது என்று எவரும் நிரூபிக்காத நிலமெல்லாம் சர்க்காருடையது என்று 1870இல் டச்சு ஆட்சி பிரகடனம் செய்தது. சுதந்திர இந்தோனேசியா 1960இன் நிலச் சட்டத்தில் வழக்காற்று உரிமையை மதிப்பதாகச் சொன்னாலும், காட்டு விஷயத்தில் 1967இலும் 1999இலும் செய்த சட்டங்களில் எஜமானனை மட்டும் மாற்றிக்கொண்டு பழைய கொள்கையையே தொடர்ந்தது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 12 கோடி ஹெக்டேர், வனப்பிரதேசம் என்று வரைபடத்தில் தீட்டப்பட்டுவிட்டது. அதனுள்ளே ஊரும் வயலும் இடுகாடும் இருப்பது அந்த வர்ணத்துக்குத் தெரியாது. ஹலிமூன் தேசியப் பூங்கா 1992இல் 40,000 ஹெக்டேராகத் தொடங்கி, 2003இல் சலாக் மலையையும் சேர்த்துக்கொண்டு 1,13,357 ஹெக்டேராக விரிந்தபோது, கசெப்புஹான் மக்களின் வயல்களும் குடியிருப்புகளும் களஞ்சியங்களும் பூங்காவுக்கு உள்ளே போயின. தொடவே கூடாத காடு, பிற்காலத்தாருக்கென்று அடைக்கலமாக வைத்த காடு, உழுது பயிரிடும் காடு என்று தங்கள் காட்டை மூன்றாகப் பிரித்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தவர்கள், ஒரு மந்திரியின் கையெழுத்தில் அத்துமீறிக் குடியிருப்பவர்கள் ஆனார்கள். வீட்டுக்கு மரம் வெட்டினால் குற்றம். களஞ்சியத்துக்குக் கால் நட்டாலும் கேள்வி.

இதை எதிர்த்து நாட்டின் பூர்வகுடிகள் கூட்டமைப்பும், ரியாவ் மாகாணத்துக் குந்து சமூகமும், லெபாக் மாவட்டத்துச் சிசித்து கசெப்புஹானும் அரசியல் சாசன நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2013 மே 16ஆம் தேதி தீர்ப்பு வந்தது: வழக்காற்றுச் சமூகங்களின் காடு அரசாங்கக் காடு அல்ல. ஒன்றரை நூற்றாண்டுக் கொள்கையை ஒரு பகலில் கவிழ்த்த அந்தத் தீர்ப்பு ஆசிய நாடுகளின் நீதிமன்றங்கள் பலவற்றுக்கும் முன்மாதிரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதில் ஒரு கண்ணியும் இருந்தது. இன்னார் வழக்காற்றுச் சமூகத்தினர் என்று மாவட்ட சபையோ மாகாண சபையோ முதலில் சட்டம் இயற்றி அங்கீகரிக்க வேண்டும். அதன்பிறகே வன அமைச்சு அளந்து, சரிபார்த்து, காட்டைத் திருப்பித் தரும். தீர்ப்பு வந்த இரண்டு ஆண்டுகளில், 2015இல், லெபாக் மாவட்ட சபை கசெப்புஹான் சமூகங்களை அங்கீகரித்துச் சட்டம் செய்தது. 2016 டிசம்பர் 30ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஜோக்கோ விதோதோ முதன்முதலாக ஒன்பது சமூகங்களுக்கு வழங்கிய காட்டுரிமையில், லெபாக்கின் காராங் கசெப்புஹானுக்கு 500 ஹெக்டேருக்கும் குறைவான காடு கிடைத்தது. மற்றச் சபைகளுக்கு அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை. மூன்று கோடி ஹெக்டேர் அளவுக்குச் சமூகங்களின் நிலம் வரைபடமாக்கப்பட்டு அங்கீகாரத்துக்குக் காத்திருக்க, 2024 முடியும்வரை வழக்காற்றுக் காடாக உரிமை தரப்பட்டது மூன்று லட்சத்துச் சொச்சம் ஹெக்டேர் மட்டுமே. நூற்றில் ஒரு பங்கு. இந்த வேகத்தில் போனால், காராங்கில் இன்று பிறக்கும் குழந்தையின் கொள்ளுப்பேரனும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பான்.

காட்டை இவர்களிடம் கொடுத்தால் இவர்களே அழித்துவிட மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. அது முற்றிலும் விஷமக் கேள்வி அல்ல. வழக்கில் வென்ற சிசித்துவிலேயே பொன் தோண்டும் வேலையும், அதற்குப் பாதரசம் கலக்கும் வழக்கமும், அதனால் ஊராருக்கு நேர்ந்த உடல்நலக் கேடும் வெளிவந்த விஷயங்கள்தாம். 2020 புத்தாண்டு நாளில் லெபாக்கைத் திடீர் வெள்ளம் வாரிக்கொண்டு போனபோது, மலையின் தலைப்பகுதியில் அனுமதியின்றிப் பொன் தோண்டியதே காரணம் என்று குடியரசுத் தலைவரே கூறினார். ஆனால் அந்தச் சுரங்கங்கள் தோன்றியது எந்தச் சட்டத்தின் ஆட்சியில்? தேசியப் பூங்காவின் காவலர்களும் வன அமைச்சின் முத்திரையும் அந்த மலைமேல் இருந்த காலத்தில்தானே? நாளைக்குப் பறிபோகலாம் என்று அறிந்த நிலத்தில் எவனும் பேரனுக்காக மரம் நடுவதில்லை; இன்றைக்குக் கிடைப்பதைத் தோண்டிக்கொண்டு போவான். ஊரின் உரிமையைப் பறித்துவிட்டு ஊரின் பொறுப்பை எதிர்பார்ப்பது அரசாங்கங்கள் எங்கும் செய்யும் தவறு. பாதரசத்தைத் தடுக்கும் கடமை உரிமையைக் கொடுத்த பின்னும் அரசாங்கத்துக்கு உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை.

உரிமை எழுத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். 2001இல் லெபாக் மாவட்ட சபை பதுயி மக்களின் 5,000 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தைப் பாதுகாத்துத் தனிச்சட்டம் இயற்றியது. வெளியார் அத்துமீறல் அதனால் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் அத்துமீறுகிறவனைக் காட்டிச் சட்டத்தைச் சொல்லி முறையிட அவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. ஆண்டுதோறும் விளைச்சலில் ஒரு பங்கைத் தோளில் சுமந்துகொண்டு, பதுயி ஆண்கள் மாவட்ட ஆட்சியர் மாளிகைக்கும் மாகாண ஆளுநர் மாளிகைக்கும் ஊர்வலமாக வருகிறார்கள். வாகனத்தில் ஏறுவது விலக்கப்பட்ட உட்பதுயியார் அத்தனை தூரத்தையும் நடந்தே கடக்கிறார்கள். காணிக்கையை வைத்துவிட்டு, மலையைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். சர்க்காரை வேண்டாம் என்று சொல்லும் மக்கள் செய்யும் காரியமா இது? சர்க்கார் தன் வேலையைச் செய்ய வேண்டும் என்று ஆண்டுக்கொருமுறை வந்து ஞாபகப்படுத்துகிறவர்கள் அவர்கள்.

ஆகவே, தொலைதூரக் கிராமத்துக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அதிகம் குழம்பத் தேவையில்லை. களஞ்சியத்துக்குக் காவலாளி அனுப்ப வேண்டாம். அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிடிபட்ட திருடனைக் கூட்டத்தின் கையிலிருந்து மீட்கும் தூரத்தில் ஒரு போலீஸ்காரன் வேண்டும். சரியும் மலையை முன்கூட்டிச் சொல்லும் நிபுணன் வேண்டும். பிரசவத்துக்குச் சாலை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களுடைய காட்டை அவர்களுடையது என்று சொல்லும் சட்டம் வேண்டும். மாவட்டம் மாவட்டமாகக் கெஞ்சி நிற்கும் நிலையை மாற்றி, நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக வழக்காற்றுச் சமூகங்களை அங்கீகரிக்கும் மசோதா ஒன்று பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஜகார்த்தாவின் நாடாளுமன்றத்தில் கிடக்கிறது. 2019இல் பதவியேற்ற சபை, 2024 செப்டம்பரில் தன் காலம் முடிந்து கலைந்தபோது, அதை நிறைவேற்றாமலே போயிற்று. தொடர்ந்து வந்த சபைக்கு அதை மேலும் தள்ளிப்போட நியாயமான காரணம் ஒன்றுகூட இல்லை.